குடைக்கம்பித் தாங்கி

போன சனிக்கிழமை என் மகள் செராஸ் பக்கம் ஒரு பேரங்காடிக்குப் போய்விட்டு ஒரு புதுச் சாமானோடு வந்தாள். பச்சைப் பிளாஸ்டிக்கில் கத்தரிக்கோல் மாதிரி குறுக்கே போன கால்கள், நடுவில் ஓர் ஆணி. விரித்தால் மேசைமேல் நிற்கிறது, மடக்கினால் கரண்டிகளோடு இழுப்பறைக்குள் படுத்துக்கொள்கிறது. சாப்பாட்டுப் பையின் வாயை அதன் நாலு முனையிலும் மாட்டிவிட்டால் பை தானே வாயைத் திறந்துகொண்டு நிற்கும். யாரும் பிடிக்க வேண்டாம், குழம்போ மாவோ ஊற்ற வேண்டியதுதான். "இப்பதாம்மா வந்திருக்கு. வெளிநாட்டுக்காரன் மூளைய பாருங்களேன்" என்றாள். நான் அதை வாங்கி நாலைந்து தடவை விரித்து மடக்கிப் பார்த்தேன். சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. வெளிநாட்டுக்காரனாம், மூளையாம்.

உன்னிடம் சொன்னால்தான் இந்தக் கோபம் அடங்கும். நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. இருந்தாலும் இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்ல? பிரிக்பீல்ட்ஸில் உன் வீட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து, இதே சாமானை நாம் இரண்டு பேரும் ஓர் ஓட்டைக் குடையிலிருந்து செய்தோம் என்று மகளிடம் சொன்னேன். "ஓ" என்றாள். போனை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அப்போது நாம் இரண்டு பேரும் சுங்கை வே தொழிற்சாலைக்குப் போய்க்கொண்டிருந்தோம். கம்பெனி பஸ்ஸில் நீ ஜன்னல் ஓரம், நான் உன் தோளில் சாய்ந்து தூக்கம். உனக்கு மைக்ரோஸ்கோப் வேலை. தலைமுடியைவிட மெல்லிசான கம்பியை மிளகு அளவுத் தகட்டில் ஒட்ட வேண்டும். எனக்கு அடுத்த மேசையில் நீங்கள் ஒட்டியதைச் சரிபார்க்கும் வேலை. உன் தட்டு வந்தால் எனக்கு ஓய்வு என்று அர்த்தம், ஒரு குறையும் இருக்காது. அந்த வருடம்தான் அது மாறியது. உன் தட்டில் கோணல்மாணலாக ஒட்டியவை கூடிக்கொண்டே வந்தன. இரண்டொன்றைக் கண்டும் காணாததுபோல் தள்ளிவிட்டேன். நீ அதையும் கண்டுபிடித்துவிட்டாய். "எனக்காக பொய் சொல்லாதடி. கோணலா இருந்தா கோணல்னு எழுது" என்று சாப்பாட்டு நேரத்தில் என்னைத் திட்டினாய்.

உன் வலது கை நடுங்க ஆரம்பித்திருந்தது. சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. ஒன்றைப் பிடித்து ஓர் இடத்தில் குறிபார்த்து வைக்கப் போனால்தான் ஆடும். ஆஸ்பத்திரியில் டாக்டர் சோதித்துவிட்டு, உயிருக்குப் பயம் இல்லை, ஆனால் போகாது, வயதாக ஆகக் கூடும் என்று சொல்லி அனுப்பினார். உனக்கு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. நீயாகவே வேலையை விட்டுவிட்டாய், அவர்கள் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. உன் வீட்டுக்காரர் லோரி ஓட்டுபவர், வாரத்தில் நாலு நாள் வெளியூர். மகன் பகலெல்லாம் பள்ளிக்கூடம். தனியாக வீட்டில் உட்கார்ந்து நீ என்ன செய்வாய் என்று எனக்குக் கவலையாக இருந்தது. நீ அதற்குள் ஓர் அரவை இயந்திரம் வாங்கிவிட்டாய்.

தோசை மாவு. வீட்டு வாசலில் ஒரு மேசை, அதன்மேல் பெரிய எவர்சில்வர் சட்டி, ஒரு கரண்டி, ஒரு கட்டுப் பிளாஸ்டிக் பை, ரப்பர் பேண்ட். சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணிவரை. வேலை விட்டு வருகிறவர்கள் வாங்கிக்கொண்டு போவார்கள் என்று கணக்குப் போட்டாய், அது சரியாகவும் இருந்தது. உன் மாவுக்கு ஒரு மணம் உண்டு. புளிப்பு ஏறும், ஆனால் மூக்கைச் சுளிக்க வைக்காது. முதல் வாரமே உன் வாசலில் ஆள் நின்றது.

ஆனால் ஒரு பையில் மாவு ஊற்ற மூன்று கை வேண்டும், கவனித்திருக்கிறாயா? பையின் வாயை இரண்டு பக்கமும் பிரித்துப் பிடிக்க இரண்டு, கரண்டிக்கு ஒன்று. மற்றவர்கள் ஒரு கையின் இரண்டு விரலை உள்ளே விட்டு விரித்துச் சமாளிப்பார்கள். நீயும் இடது கையால் அப்படிப் பிடித்துக்கொண்டு வலது கையால் அள்ளி ஊற்றினாய். கரண்டி பையின் வாய்க்கு வந்ததும் ஆடும். பாதி மாவு பைக்குள், பாதி உன் விரலில், பையின் வெளிப்பக்கம், மேசைமேல். வாயில் மாவு பட்டால் ரப்பர் பேண்ட் வழுக்கும், நிற்காது. வாங்க வந்தவர்கள் பையைப் பார்க்கவில்லை, உன் கையைத்தான் பார்த்தார்கள். உன் பயமெல்லாம் அதுதான்.

"கை நடுங்குறவகிட்ட யாருடி சாப்பிடுற சாமான் வாங்குவா? ஏதோ வியாதின்னு சொல்லுவாங்க. இல்லாட்டி குடிக்கிறாள்னு சொல்லுவாங்க" என்றாய். இதற்குமுன் நீ எதற்கும் பயந்து நான் பார்த்ததில்லை.

பிறகு ஒரு யோசனை செய்தாய். மத்தியானமே சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாப் பையையும் கட்டி, துடைத்து, வெளியே கொண்டுவந்து அடுக்கினாய். நம் ஊர் வெயில் உனக்குத் தெரியாதா? மாவு பைக்குள்ளும் பொங்குமா பொங்காதா? சாயங்காலத்துக்குள் எல்லாம் தலையணை மாதிரி உப்பிவிட்டன. பக்கத்துத் தெருவில் இருந்த யாழ்ப்பாணத்து ஆன்டி ஒன்றை எடுத்துக் கூடையில் வைத்தார், அது அங்கேயே வெடித்தது. அன்றைக்கு அவர் கூடையில் கோயிலுக்கு வாங்கிய பூவும் இருந்தது. அந்த அம்மா கோபப்படாமல், "பிள்ளை, இப்பிடிக் கட்டி வைச்சால் சரிவராது. நான் வந்தாப்பிறகு என்ர கண்ணுக்கு முன்னால அள்ளித் தாரும்" என்றார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். கட்டிவைத்த மாவில் தண்ணீர் கலந்திருக்கும் என்று ஒருத்தி வேறு கிளப்பிவிட்டாள். எல்லார் கண்ணுக்கும் முன்னால் நீ அள்ளித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அழுதாய். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அழுதால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாய். நான்தான் ஜிக் என்ற பேச்சை எடுத்தேன். தொழிற்சாலையில் சின்னச் சாமானை அசையாமல் கவ்விப் பிடிக்க ஒரு சட்டம் வைத்திருப்பார்களே, அதற்கு ஜிக் என்று பெயர். "பிடிக்கிற வேலைய ஜிக் பாக்கட்டும், செய்யுற வேலைய கை பாக்கட்டும்" என்று நம் லைன் லீடர் சொல்வதை உனக்கு ஞாபகப்படுத்தினேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். "மடக்குற மாதிரி இருக்கணும். வீட்டுக்கு யாராச்சும் வந்து, இது என்னாதுன்னு கேட்டா நான் என்னா சொல்லுறது? வித்து முடிச்சதும் கண்ணுல படக்கூடாது."

முதலில் பால் டின். இரண்டு பக்கமும் வெட்டி, பையை உள்ளே விட்டு வாயை வெளியே மடித்துவிட்டோம். மாவு அழகாக இறங்கியது. ஆனால் நிறைந்த பை டின்னுக்குள் ஒட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது, இழுத்தால் கிழிந்தது. வாயை வெளிப்பக்கம் மடித்தால் ரப்பர் பேண்ட் கட்டும் இடம் சுத்தமாக இருக்கிறது என்று மட்டும் அதிலிருந்து கற்றுக்கொண்டோம். அடுத்தது சட்டை மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த வளையம். ஒரு கிலோ மாவு விழுந்ததும் அது தலைகுனிந்து படுத்துவிட்டது. நீ விழுந்து விழுந்து சிரித்தாய், எனக்கு எரிச்சல். நான் எரிச்சல்பட்டால் உனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

மூன்றாவதுதான் குடை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது காற்றில் மறுபக்கமாகத் திரும்பிப் பாழான என் கறுப்புக் குடை. துணியைக் கிழித்துப் போட்டால் எட்டுக் கம்பி. இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டினால் நாலு கால். நாலு காலை இரண்டு பெருக்கல் குறியாகக் குறுக்கே வைத்து, நடுவில் சைக்கிள் கடையில் வாங்கிய திருகாணி போட்டேன். மேலே இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி. விரித்தால் அது நீள்சதுரமாகப் பையின் வாயைத் திறந்து பிடித்தது. அளவுக்குமேல் விரியாமல் இருக்கக் காலுக்கும் காலுக்கும் நடுவில் ஒரு கயிறு. கம்பியின் நுனிக் குமிழ் பையைக் கிழிக்காது. பையின் பாரம் கம்பியில் தொங்காமல் இருக்க அடியில் ஒரு சாஸரைக் கவிழ்த்து வைத்தோம், பை அதன்மேல் உட்கார்ந்துகொண்டது.

கால் வழுக்காமல் இருக்க என் பழைய ஜப்பான் சிலிப்பரை வெட்டி நாலு துண்டு ஒட்டிக் கொண்டுவந்தேன். நீ பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. "சிலிப்பரை மாவு சட்டி பக்கத்துல வப்பியா? அறிவு இருக்காடி உனக்கு?" என்று கொல்லையில் தூக்கி எறிந்தாய். கழுவித்தானே ஒட்டினேன் என்றேன். கழுவினால் செருப்பு தட்டாகிவிடுமா என்று கேட்டாய். கடைசியில் மருந்துப் புட்டியின் ரப்பர் மூடிகளை மாட்டினோம்.

தாங்கி நின்றது. உன் வலது கையைத்தான் அது ஒன்றும் செய்யவில்லை. பை அசையாமல் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது, கரண்டி ஆடிக்கொண்டு வருகிறது, மாவு விளிம்பில் வழிகிறது. வாயை இன்னும் அகலப்படுத்துகிறேன், உயரத்தைக் குறைக்கிறேன் என்று நான் ஒரு வாரம் காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை கோடு போட்ட எனக்கு, உன் இடது கை கல்லுமாதிரி நிற்கிறதே, அதால் அள்ளினால் என்ன என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சோறு போடுவது சோற்றுக்கை. அதற்குமேல் யோசிக்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

உனக்குத் தோன்றியது. அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நான் பின்வாசல் வழியாக வந்தபோது நீ தாங்கியை விரித்து வைத்து, இடது கையால் மாவு அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தாய். நாலு பை கட்டி முடித்திருந்தாய். மேசையில் ஒரு பொட்டு இல்லை. என்னைப் பார்த்ததும் உன் முகம் பூராவும் சந்தோஷம். "இங்க பாருடி, ஒரு சொட்டு சிந்தல" என்று கரண்டியை உயர்த்திக் காட்டினாய்.

நான் என்ன சொன்னேன்? "சீ, பீச்சாங்கையிலயா? அந்தக் கையால அள்ளுனா யாருடி வாயில வப்பா?"

யோசித்துச் சொன்னதில்லை, வாயிலிருந்து தானாக வந்தது. நீ கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாய். எழுந்து குழாயடிக்குப் போய் இடது கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாய். மாவு அள்ளிய கையை, ஏதோ அசிங்கத்தைத் தொட்ட கை மாதிரி, முழங்கைவரை கழுவினாய். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அந்த நாலு பையையும் பிரித்து மாவைத் திரும்பச் சட்டியில் கொட்டினாய், தாங்கியை மடக்கிக் காலண்டருக்குப் பின்னால் செருகினாய். "டீ போடவா?" என்று கேட்டாய். நான் வேண்டாம் என்று கிளம்பிவிட்டேன்.

அந்த வாரம் உன் வாசலில் மேசை இல்லை. வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலிருந்து எட்டிப் பார்ப்பேன், உள்ளே வர மாட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை, உனக்குத் தெரியும். மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகத் தாங்கியின் காலை எப்படிக் குட்டையாக்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த மேசை திரும்ப வராவிட்டால் அது நான் செய்த வேலை என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது.

அடுத்த வாரம் புதன்கிழமை மேசை வந்துவிட்டது. தெருமுனையிலேயே நின்று பார்த்தேன். ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். நடு மேசையில், எல்லாரும் பார்க்க, குடைக்கம்பித் தாங்கி. நீ வலது கையில் கரண்டியைப் பிடித்திருந்தாய். இடது கையால் அந்த வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாய். பையைத் தாங்கி பிடித்துக்கொண்டதால் இரண்டு கையும் உனக்குச் சும்மா கிடைத்திருந்தன. கரண்டி ஆடவில்லை. கொஞ்சம் குனிந்து, மெதுவாக, சாமிக்குப் படைப்பதுபோல் ஊற்றினாய்.

யாழ்ப்பாணத்து ஆன்டி பையை வாங்கிக்கொண்டு திரும்பி, பின்னால் நின்றவளிடம், "பாரும், எவ்வளவு மரியாதையாய்த் தருது இந்தப் பிள்ளை. ரெண்டு கையாலையும் தருது" என்றார். தாங்கியைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். "சுத்தத்துக்கு ஆன்டி. பையில கை படாம இருக்க" என்று கூசாமல் சொன்னாய். அந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

ஆறு மணிக்கு மேசையை உள்ளே எடுத்து வைத்ததும் நாம் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். எனக்கு வயிறு வலித்தது. எங்கேயடி பிடித்தாய் இதை என்று கேட்டேன். "பாசார்ல மீன் விக்கிற மலாய்க்கார அக்கா சில்லறை குடுக்கறத நீ பாத்ததில்ல? வலது கையால குடுக்கறப்ப மரியாதைக்கு இடது கையால மணிக்கட்ட தொடுவாங்கலா. அவங்க தொடுறாங்க, நான் புடிச்சிக்கிறேன். அவ்வளவுதான்" என்றாய். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. சிரித்துவிட்டோம் அல்லவா, அதோடு அது போய்விட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஏழு வருடத்துக்குமேல் அந்த மேசை ஓடியது. விற்று முடிந்ததும் தாங்கியை மடக்கிக் காலண்டருக்குப் பின்னால் செருகும் பழக்கத்தை நீ விடவே இல்லை. ஊரே பார்த்த சாமானை எதற்கு ஒளிக்கிறாய் என்றால், "அதுக்கும் ஓய்வு வேணும்லா" என்பாய். தெருவில் மற்ற பெண்களும் கேட்டார்கள், ஆறேழு செய்து கொடுத்தேன். பிரிக்பீல்ட்ஸில் முறிந்த குடையெல்லாம் என் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. மழை வந்தால் எனக்குத்தான் தீபாவளி என்று நீ கேலி செய்வாய். அந்தத் தாங்கிகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. உன்னுடையதையும் நான் கேட்டு வாங்கவில்லை.

பிறகு நடுக்கம் கூடிவிட்டது, இடது கை பிடித்தாலும் வலது கை நிற்கவில்லை. மாவு வியாபாரம் நின்றது. பல வருடம் கழித்து நீ ஸ்ரீ கெம்பாங்கானுக்கு, மகன் வீட்டுக்குப் போனாய். கடைசியாக நான் வந்தது ஒரு பிற்பகல், மழைக்கு முந்திய புழுக்கம். மருமகள் ஆபீசுக்குப் போயிருந்தாள், நாம் இரண்டு பேர்தான். வலது கையை ஒரு துண்டால் மூடி மடியில் வைத்திருந்தாய். உளுந்து வடை சுட்டு வைத்திருந்தாய். மருமகள் மாவு அரைத்துக் கொடுத்தாளாம், நீயே தட்டிப் போட்டாயாம். எந்தக் கையால் என்று நான் கேட்கவில்லை.

தட்டிலிருந்து ஒரு வடையை இடது கையால் எடுத்தாய். என் பக்கம் நீட்டினாய். பாதி வழியில் உன் கை நின்றது. நடுங்கவில்லை, அந்தக் கை எப்போதும் நடுங்கியதில்லை. சும்மா நின்றது. பிறகு வடையைத் திரும்பத் தட்டில் வைத்து, தட்டை மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினாய். "எடுத்துக்கோலா" என்றாய், சிரித்தாய்.

எனக்குப் புரிந்தது. சமையலறையில் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை இத்தனை வருடமும் நீ மறக்கவில்லை. என்னோடு சிரித்தாய், என் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாய், ஆஸ்பத்திரியில் எனக்குக் காவல் இருந்தாய், ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. உன் கை மட்டும் என் முன்னால் வந்ததும் ஞாபகம் வைத்துக்கொண்டு நின்றது. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். குடுடி என்று கையை நீட்டியிருந்தால் போதும். நான் தட்டிலிருந்து எடுத்துக் கடித்துவிட்டு, "உப்பு கம்மிடி" என்றேன். இரண்டு மாதத்தில் உன் மகன் போன் செய்தான்.

இப்போதெல்லாம் யார் எந்தக் கையால் எதை நீட்டினாலும் நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறேன். பஸ்காரன் இடது கையால் டிக்கெட் கொடுத்தாலும், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் விளையாட்டு ஞாபகத்தில் எந்தக் கையால் மிட்டாய் நீட்டினாலும். கிழவிக்கு என்ன இவ்வளவு மரியாதை என்று மகள் கேலி செய்கிறாள். மரியாதை இல்லை. அந்த வடையை நான் உன் கையிலிருந்து வாங்கவில்லை.